தோல் துண்டு எங்கே விழும்

10.7.1979, செவ்வாய்

அமெரிக்காக்காரன் வானத்தில் சுற்றவிட்ட விண்வெளி நிலையம் ஸ்கைலாப் நாளைக்குள் விழுந்துவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அவ்வளவு உயரத்திலும் துளித்துளியாகக் காற்று இருக்கிறதாம். அது உரசி உரசித்தான் அந்த ராட்சதக் கூண்டு இறங்குகிறதாம். எங்கே விழும் என்று மட்டும் யாராலும் கணக்குப் போட முடியவில்லையாம்.

“ஸ்கைலாப் இல்லடி, ஸ்கைலாபம்! நம்ம தெருவுல விழுந்தா எடைக்குப் போட்டுடலாம்” என்றேன் எதிர்வீட்டு நஸ்ரீனிடம். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாயங்காலம் தெருவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஸ்கைலாபை அதற்குள் விழவைக்கிறேன் என்று சவால் விட்டேன். தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் அப்பா அங்கிருந்து கொண்டுவந்த துண்டுகள்தான் ஸ்கைலாப்.

முதல் துண்டு படுத்தபடி மிதந்துபோய் வேப்பமரத்தில் சிக்கியது. அடுத்தது செங்குத்தாகச் சாக்கடையில் இறங்கியது. அதே கை, அதே இடம். மூன்றாவது புரண்டு புரண்டு வந்து, டீ குடிக்க வெளியே வந்த அப்பாவின் தலையில் விழுந்தது.

“அடிப்பாவி, இன்னா குறிடி!” நஸ்ரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவும் சிரித்தார். எனக்கு வரவில்லை. நான் குறியே வைக்கவில்லையே. கையால் போட்ட துண்டுக்கே கணக்கு இல்லை. மேலே ஸ்கைலாப் எப்படிப் புரள்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். சைக்கிளை எடுத்தபோது, “இன்னிக்கு மட்டும் போவாதப்பா” என்றேன்.

“இன்னாம்மா புதுப் பேஜாரு? அது கடல்ல வுழும். போய்ப் படு.”

கடல் என்று அவருக்கு யார் சொன்னது? டேனரிக்கு வெறும் ஓட்டுக்கூரை.

பயத்தில் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் டேனரிப் பக்கத்துச் சத்தம் கேட்காது. திறந்துவிட்டேன்.