நிறுத்தச் சொன்ன ஜெபம்

12 நவம்பர் 2008, புதன்

சாயங்காலம் கடலூரிலிருந்து சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். போன மாதம்தான் புருஷனைப் பறிகொடுத்தாள்.

"மேரி டீச்சர், ராத்திரில எனக்காக ஜெபம் பண்றீங்களா?" என்று கேட்டாள்.

திடுக்கிட்டுப் போனேன். துக்கம் விசாரித்துவிட்டு வந்த நாளிலிருந்து தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. ஆமாம் என்றேன்.

"வேணாம், நிறுத்திடுங்க. நீங்க வந்துட்டுப் போன ராத்திரிலேர்ந்து என் ரூம்ல யாரோ நிக்கிறாங்க. பயமா இருக்கு."

நிறுத்திவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். ஜில்லென்றிருந்தது கை. இறங்கும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"மூஞ்சி தெரிஞ்சுதா செல்வி?"

"இல்ல டீச்சர். எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் நிக்கிறாங்க. கதவ ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சிக்கிட்டு."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கதவுக்கு வெளியே யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

கொடுத்த வாக்கை மீறுவது பாவம்தான். ஆண்டவரே, அது என்மேல் இருக்கட்டும். இப்போது முழங்கால் போடப் போகிறேன். அவள் பெயரைச் சொல்லித்தான்.