மைனாவுக்கு மாப்பிள்ளை

ஏரியில் வழிதவறும் வாத்துக்குஞ்சைப் பல் படாமல் கவ்விவரும் லாப்ரடார், ஜெயசுதாவின் மைனா. அதற்கு எந்த ஆண் நாயைச் சேர்ப்பது என்று கணவன் இளவரசனோடு நேற்று மூண்ட சண்டை இன்னும் ஆறவில்லை. வாத்துகளை ஓட்டிக்கொண்டு கிளம்பும் முன் குழம்புச்சட்டி மேல் சீட்டு வைத்தாள்.

"கொழம்ப சுட வச்சிக்குங்க. பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டைக்காரரு மெடல் வாங்கின நாயை இட்டுக்கினு வராரு. நீங்க பாத்த மாப்பிள்ளை, நான் வேணாங்கல. மொதல்ல அது வாயில ஒரு வாத்து முட்டையக் குடுத்துப் பாருங்க. ஒடைச்சிதுன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க. நான் சொன்ன மூங்கில்துறைப்பட்டு கருப்பன் ஒடைக்காம எடுத்தாந்து என் கையில வச்சான்."

இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"கூடையில இருக்கிற முட்டை, காலையில மைனா ஏரிக்கரையிலேர்ந்து கொண்டாந்தது. கீறல் இருந்தா சொல்லுங்க."