நசுங்காத எலுமிச்சம்பழம்

அக்கா,

பாப்பாவுக்குச் சாயங்காலம் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். அப்படியும் அந்த வாசனை போகவில்லை. காருக்குள் அடிக்கிற செண்ட் வாசனை. மல்லிகை என்று பெயர். அதற்கு அடியில் நனைந்த கோணிப்பை வாடை. என் மடியில்தான் தூங்குகிறாள். குனிந்து உச்சியை முகர்ந்தால் காலையில் நடந்தது நினைவுக்கு வருகிறது, கூடவே உங்கள் மேல் பொறாமையும் வருகிறது. செத்துப்போனவர்மேல் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்கு நான் சின்ன மருமகளாக வந்தபோது மூத்த மருமகளான நீங்கள் ஏற்கெனவே வீட்டையே கையில் வைத்திருந்தீர்கள். உங்கள் பி.காமும் என் பி.எஸ்சி.யும் ஒரே எடைதான். ஆனால் கரண்ட் ஆபீஸ் ஆளோ கேஸ்காரரோ வாசலில் வந்து நின்றால் அத்தை கூப்பிடுவது உங்களைத்தான். பாப்பா பிறந்து, அவளுக்கு மூச்சிழுப்பு வர ஆரம்பித்த பிறகு, அவளும் உங்கள் தோளில்தான் அடங்கினாள். நான் வாங்கினால் மறுபடி வீறிடுவாள். "நீ பயப்படறது புள்ளைக்குத் தெரியுது" என்றீர்கள். உண்மைதான். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா?

பீரோ வாங்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் நம் இருவருக்கும் கூல்டிரிங்க்ஸ் வரவழைத்துவிட்டார். குடித்தால் வாங்கியே ஆக வேண்டுமே என்று நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அடிவரை உறிஞ்சிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்து, "வேணாம்" என்று எழுந்துவிட்டீர்கள்.

"அவர் மனசு கஷ்டப்படாதாக்கா?" என்றேன் தெருவில்.

"அவன் குடுத்தான், நான் குடிச்சேன். பீரோ வாங்கிக்கறேன்னு பாட்டில்ல எழுதியிருந்துச்சா?" அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "நீ இன்னாத்துக்குக் காரணம் சொல்லிகினு இருக்க? ஒரு காரணம் சொன்னா அவன் அதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பான். வேணாம்னு சொல்லு. வாயை மூடு."

அன்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம்" என்ற சொல் வருவதற்குள் உதடு தானாகச் சிரித்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே சொல்கிற வேணாமை யார் நம்புவார்கள்? உங்களுடைய அந்தச் சிரிக்காத முகத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் கலைந்த வாரத்தில், காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு இழுப்பு வந்தால் பாப்பாவை நான்தான் தூக்க வேண்டியிருக்கிறது. மழையில் ஒருநாள் ஆட்டோ கிடைக்கவில்லை. ஸ்கூட்டரில் அவளை நடுவில் வைத்து மூடிக்கொண்டு திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் உதடு வெளுத்துவிட்டது. பழசோ கிழிசலோ, ஒரு கார் வாங்கிவிடலாம் என்றார் இவர்.

இன்று காலை திருப்பதி ரோட்டில் ஒரு பழைய கார் ஷெட்டுக்குப் போனோம். விற்கிறவன் நகரி பக்கத்து ஆள். என்னைச் "சிஸ்டர்" என்றான். நான் சிஸ்டர் ஆனதால் இவர் உடனே மச்சான் முறையில் "பாவா" ஆகிவிட்டார். நீங்கள் இருந்திருந்தால், "இவ அம்மாவுக்கே தெரியாம இவளுக்கு எப்படா தம்பி பொறந்தான்?" என்று அவன் காதுபடவே கேட்டிருப்பீர்கள். நான் சிரித்து வைத்தேன்.

ஒரு வெள்ளைக் கார். கதவைத் திறந்ததுமே மல்லிகை செண்ட் முகத்தில் அடித்தது. சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். மேல்பாதி புதுசு போல இருந்தது. கடைசி வரை இழுத்தால் காய்ந்த சேறு. எந்த வெள்ளத்தில் நின்ற வண்டியோ! தரை விரிப்பைத் தொட்டால் இன்னும் சில்லென்று இருந்தது. பாப்பா உள்ளே ஏறியதும் இருமினாள்.

"ஏதோ வாடை வருதுங்க," என்றேன்.

"செண்ட் கம்மியா இருக்கு சிஸ்டர்," என்று இன்னும் கொஞ்சம் அடித்தான்.

"பெல்ட்ல சேறா இருக்கு."

"மாத்திக் குடுத்துடறோம், சிஸ்டர்."

"வீட்டுல கேக்கணும்."

"பாவா இங்கதான இருக்காரு, வேற யாரைக் கேக்கணும்? நீங்க கேட்டுகினு இருங்க, புத்தூர் பார்ட்டி வந்துகினே இருக்காங்க."

நீங்கள் சொன்னது சரிதான். நான் எடுத்து வைத்த காரணம் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது.

அப்புறம்தான் அவன் அந்த வேலையைச் செய்தான். இன்னும் விலையே பேசவில்லை. எங்கிருந்தோ ஒரு மாலையை எடுத்து வந்து, "மலை மேல முருகன் பாதத்துல வெச்சதுங்க" என்று முன்கண்ணாடியில் போட்டான். பானெட்டில் சந்தனம். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். கற்பூரம் ஏற்றிவிட்டான். இவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, பாப்பாவை இவர் மடியில் ஏற்றி, சாவியை அவள் கையில் கொடுத்தான்.

"பாப்பா கையால ஸ்டார்ட் பண்ணட்டும். பாவா, லேசா முன்னால எடுங்க, பழம் நசுங்கினா போதும்."

"வேணாம்," என்றேன். சிரிக்கவில்லை. வாயையும் மூடிக்கொண்டேன். உங்கள் முறைப்படி எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "பூஜை போட்ட வண்டிய உட்டுட்டுப் போவக்கூடாது சிஸ்டர். புள்ளைக்கு ஆவாது."

இவர் முகம் மாறியது. கை கியருக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்திருப்பீர்கள். சாமி உங்களைப் பயமுறுத்தியதே இல்லை. என்னால் அது முடியாது, அக்கா. முருகன் பெயரில் ஒரு பழத்தை என் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு நான் எப்படிப் போவேன்?

வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து ஒரு பழத்தை எடுத்தேன். சுற்றி வந்து மற்ற மூன்றையும் எடுத்தேன். முந்தானையில் கட்டிக்கொண்டேன்.

"இன்னா சிஸ்டர் பண்றீங்க?"

"பழம் நசுங்கினாதான வண்டி எங்களுது? நசுங்கல. சாமிக்கு வெச்சத நாங்க எடுத்துகினு போறோம். வண்டி உங்களுது."

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாப்பாவுக்கும் ஒற்றிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். அவள் கையிலிருந்த சாவியை வாங்கிச் சந்தனத்தின் மேலேயே வைத்தேன். இவரும் இறங்கி வந்தார்; ஸ்கூட்டரில் ஏறினோம். உள்ளே எனக்கு எவ்வளவு பெருமை!

வீட்டுக்கு வந்ததும் இவர் கூடத்தில் நின்று நடித்தே காட்டினார். "அம்மா, இவளைப் பாக்கணும் நீ! அப்டியே அண்ணி வந்து நின்னா மாதிரி இருந்துச்சு!"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ பழக்கிட்டுப் போனது," என்றார்.

அந்த நிமிஷம் உங்களை எனக்குப் பிடிக்கவே இல்லை. வீடு, மாமியார், என் பிள்ளையின் தூக்கம் எல்லாம் உங்களிடம் இருந்தது. என் வாழ்நாளில் ஒருமுறை நான் தைரியமாக நின்றேன்; அதையும் தூக்கி உங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அது நான் யோசித்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் பாவா சிரித்தார், அக்கா. நான் பாவா என்று கூப்பிடுகிற உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் போனதிலிருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். "எலுமிச்சம்பழத்தையும் எடுத்துகினு வந்துட்டியா? அவதான் சொல்லிக் குடுத்தாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆங் பாவா," என்றேன். "அக்கா சொன்னதுதான்."

அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதிலும் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். இனி இந்த வீட்டில் அது உங்கள் கதை. பாப்பா வளர்ந்து கேட்கும்போதும் அப்படித்தான் கேட்பாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது, நாளைக்கும் எரியும்.

உங்களுக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன், அக்கா. அது நான் யோசித்தது.