ஐஸில் கிடக்கும் சூரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வாயும் நன்றாகவே வேலை செய்கிறது, வினையே அதில்தான். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேச்சை எடுத்தாலே மீட்டிங்கில் இருக்கிறேன்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, உட்கார்ந்து முழுக்கப் படி.

போன வாரம் ஏலக்கூடத்தில் சங்கக் கூட்டம் போட்டார்கள். எல்லாம் நீ வேலை பார்க்கிற அந்த மீன்வள ஆணையம் அனுப்பிய உத்தரவால் வந்தது. நீலத்துடுப்புச் சூரையில் நம் நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு முடிந்துவிட்டதாம், அடுத்த பருவம் வரை தூண்டிலில் மாட்டினாலும் அவிழ்த்துவிட வேண்டுமாம். அதுவும் எப்போது வந்தது, மீன் கரைக்குப் பக்கத்தில் வருகிற நேரம் பார்த்து வந்தது. அந்தப் பங்கை யார் தின்று தீர்த்தார்கள் என்று உனக்குத் தெரியாதா? பருவம் தொடங்கியதும் வலைக்கப்பல்காரர்கள் கூட்டங்கூட்டமாக வளைத்து, கொழுக்க வைக்க உயிரோடு கடலில் கட்டிய கூண்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கயிறு ஒரு தூண்டில் என்று உட்கார்ந்திருக்கிற நம் ஆட்களுக்கும் அவர்களுக்கும் ஒரே கணக்கு, ஒரே தடை. இதை எழுதியவர்கள் ஒருநாளாவது படகில் ஏறி வாந்தி எடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை, நீ எடுத்திருக்கிறாய், அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

சங்கத் தலைவரை நாங்கள் ஒலிபெருக்கி என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கும் தெரியும், பெருமைதான். அவர் எழுந்து, மீன் ஒரு கடலில் பிறந்து இன்னொரு கடலில் வளருகிறது, அதைப் பங்கு போட இவர்கள் யார், எல்லாப் படகும் ஒரே நாளில் கிளம்புவோம், எத்தனை பேரைப் பிடிப்பார்கள் பார்க்கலாம் என்று முழங்கினார். கூடமே கை தட்டியது. உன் அப்பா எழுந்தார். அவர் பேசுவதே அபூர்வம். நடுவில் சில வருஷம் கைக்குழந்தை அளவு மீன்தானே மாட்டியது, அதை மறந்துவிட்டீர்களா, தடை போட்ட பிறகுதானே பெரிய மீன் மறுபடி கண்ணில் பட்டது, இன்று நாம் மீறினால் நாளைக்கு எதிர்க்கரைக்காரன் நம்மைக் காட்டி மீறுவான், அப்புறம் யார்தான் நிறுத்துவது என்று கேட்டார். உடனே உன் மாமா எழுந்து, மீன் திரும்பி வந்தது யாருக்கு, வலைக்கப்பலுக்கா, கடலைக் காலி பண்ணியவனுக்குக் கூண்டு நிறைய மீன், நமக்கு மட்டும் மீன் பாதுகாப்புச் சட்டமா என்று கேட்டான். அப்பா சொன்னதும் சரி, அவன் கேட்டதும் சரி. இரண்டும் சரியாக இருந்தால் ஆம்பளைகளுக்குப் பேச்சு தீர்ந்து கை நீளும். கை நீளவில்லை, அதைவிட மோசமாக நாக்கு நீண்டது. அத்தனை பேர் முன்னால் என் கூடப்பிறந்தவன் உன் அப்பாவைப் பார்த்துச் சொல்கிறான், "மக சம்பளத்துல சாப்பிடுற மனுஷனுக்கு மீன் இருந்தா என்ன, போனா என்ன?" அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து கடலுக்குப் போகவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, ஏற்கனவே பிரித்து வைத்த தூண்டில்களை மறுபடி மறுபடி பிரித்துக்கொண்டிருக்கிறார், பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் வீரர்கள் அத்தனை பேரும் ஐஸ் வாங்க என் ஐஸ் கொட்டகைக்கு வந்து நின்றார்கள். சூரை தன் உடம்புச் சூட்டிலேயே வெந்துபோகிற மீன், பிடித்ததும் ஐஸில் இறக்காவிட்டால் எவனும் சீந்தமாட்டான். இந்தத் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பது யார் என்பதை மட்டும் கூட்டத்தில் யோசிக்க மறந்துவிட்டார்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றேன். உன் சட்டத்துக்காக என்று தப்பாக நினைத்துவிடாதே, உன் அப்பாவுக்காக. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், நான் அசையவில்லை. கடைசியில் யாரோ போய் அப்பாவையே கூட்டி வந்தார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா, "குடு. வாயால ஜெயிக்க முடியாததை உன் ஐஸை வெச்சு ஜெயிக்க வேண்டாம்." இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய? வயிறு எரிய எரிய எல்லாருக்கும் அள்ளிப் போட்டேன்.

கிளம்பிப் போனவர்களில், ரோந்துப் படகைத் தூரத்தில் பார்த்ததுமே பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், முதலில் திரும்பியது ஒலிபெருக்கியின் படகு. மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவ, உன் மாமா மட்டும் வீம்புக்கு நின்று, ரோந்துக்காரர்கள் கண்ணில் படாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். நம் சமையலறை மேஜையைவிட நீளம். வயிறு நிறைய முட்டை. படகிலேயே குடல் எடுக்கக் கத்தி போட்டதும் முட்டையெல்லாம் வழிந்துவிட, அவன் இரண்டு கையாலும் அதைத் திரும்ப வயிற்றுக்குள் தள்ளப் பார்த்தானாம், கூட இருந்த படகாள் சொன்னார். கரையில் வியாபாரி வந்து தொட்டுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், வாலில் அடையாளப் பட்டை இல்லாத மீனை எந்த நாட்டுச் சந்தையிலும் இறக்க முடியாது என்று சொல்லி, பார்க்காத மாதிரி போய்விட்டார். ஏலக்கூடம் காலியானதும் மாமா அதைத் தள்ளுவண்டியில் வைத்து என் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். திறந்துவிட்டேன். திட்டிக்கொண்டேதான் திறந்தேன். ஊருக்கே தெரியும், அதிகாரிக்கு மட்டும் தெரியாது. அப்பா வந்து பார்த்தார். மடங்கிக் கிடந்த முதுகுத் துடுப்பை விரலால் நிமிர்த்தினார், விட்டதும் அது மறுபடி படிந்துகொண்டது. மாமா பக்கம் திரும்பாமலே வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். இப்போது கடலில் கொண்டுபோய்ப் போடவும் மனசு வரவில்லை, வெட்டிப் பங்கு போடவும் யாருக்கும் கை வரவில்லை.

மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டான், "அக்கா, அவகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ இப்ப அவங்க ஆளு." வந்த ஆத்திரத்தில் ஐஸ் அள்ளுகிற ஷவலை அவன் காலடியில் வீசி எறிந்தேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தத் துறைமுகம் முழுக்கச் சுற்றியவன் அவன். அவள் யாருடைய ஆளும் இல்லை, என் மகள் என்று கத்தினேன். கத்திவிட்டேனே தவிர, அது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கோபமும் உன் மேல்தான்.

அதனால் எழுதிவிட்டேன். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. நீ வெளியே சொன்னால் அவன் படகு உரிமம் போகும், என் கொட்டகைக்குச் சீல் வைப்பார்கள். சொல்லாவிட்டால் உன் வேலைக்கே ஆபத்து. இது புரியாத அளவுக்கு நான் ஒன்றும் மண்டு இல்லை, புரிந்துதான் உன் தலையில் இறக்கி வைக்கிறேன். நீங்கள் அங்கே எழுதி அனுப்புகிற ஒவ்வொரு வரியும் இங்கே யார் தலையிலாவது இப்படித்தான் வந்து இறங்குகிறது. லீவு போட்டுவிட்டு வா. அந்த ஏலக்கூடத்தில் நின்று, தூண்டிலுக்கும் வலைக்கும் ஏன் ஒரே தடை என்று சொல். சொல்ல முடியாவிட்டால், திரும்பிப் போய் உன் மேலதிகாரிகளிடம் உன் மாமா கேட்டதைக் கேள். புகார் கொடுப்பதானாலும் கொடு, நான் தடுக்கமாட்டேன், ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடு.

கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நானும் அப்பாவும் எப்போதும் நினைப்பது அதைத்தான். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இன்னொன்று, மீன்மேல் தினமும் புது ஐஸ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எவ்வளவு போட்டாலும் ரொம்ப நாள் தாங்காது, சீக்கிரம் கிளம்பு.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் ஆறாத
அம்மா