போனில் நீ செய்து வைத்த வயலின்

என் செல்லத் தம்பி சேவியர்,

ஜெனிட்டாவின் கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. கோயிலில் வாசிக்கப் போவது யார் தெரியுமா? நான். நீ அங்கே விழுந்து விழுந்து சிரிப்பாய், சிரி. எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

நாம் இரண்டு பேரும் கோயிலில் இருந்த ஒரே கீபோர்டில்தான் பழகினோம். நீ பாடகர் குழுவுக்கு வாசிக்கப் போனாய். நான் கல்யாணம், குழந்தை, ஆபீஸ் என்று விட்டுவிட்டேன். ஒரு மழையில் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து அந்தக் கீபோர்டில் பாதிக் கட்டைகள் செத்துப்போனதும், நீ போனில் கீபோர்டு மாதிரி வாசிக்கிற ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். "என்னடா, பூசையில கேம் விளையாடப் போறியா?" என்று முதலில் கேலி செய்தவள் நான்தான். ஸ்பீக்கரிலிருந்து ஆர்கன் சத்தம் எழும்பியதும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்தப் போன் என்னிடம் இருக்கிறது. ஆர்கனுக்கு மேல் வயலினை ஏற்றி, பார்த்துப் பார்த்து ஒரு சத்தம் செய்து, அதற்கு 'ஜெனிட்டா கல்யாணம்' என்று பேர் போட்டு வைத்திருக்கிறாய். நீ போன பிறகு அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். நீ இருந்தபோது மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லையே, எப்போதடா செய்தாய்? மாப்பிள்ளை வீட்டார் நாகப்பட்டினத்திலிருந்து கீபோர்டுக்காரரை அழைத்து வருவதாகச் சொன்னார்கள். "எங்கப்பா சத்தம்தான் வேணும். அத்தை வாசிப்பாங்க" என்று அவள் முடித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? உன் மகள்தானே.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் மானம் போனது. வயர் தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்று நான் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். நான் அழுத்தினால் சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் வருகிறது. குழு சத்தத்துக்காகக் காத்திருக்க, நான் குழுவுக்காகக் காத்திருக்க, வருகைப் பாட்டு இழுத்து இழுத்து, இரண்டாவது சரணத்தில் கல்லறைக்குப் போகிற பாட்டாகவே ஆகிவிட்டது. முன் பெஞ்சில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டா சிரிக்கவில்லை.

தலத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் பாயிடம் ஓடினேன். "ப்ளூடூத்துல சத்தம் பிந்தித்தான் வரும்க்கா. தம்பி எப்பவும் வயர்தான் போடுவாரு. ஃப்ளைட் மோடுல வச்சுக்குங்க, நடுவுல கால் வந்தா பாட்டு நின்னுரும்" என்றார். வயர் வாங்கி வந்து மாட்டிப் பார்த்தேன். விரல் பட்டதும் சத்தம் வருகிறது.

ஆனாலும் பயம் போகவில்லை. ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் அப்டேட் செய்யவா என்று கேட்கிறது. தெரியாமல் கை பட்டு, நீ செய்து வைத்தது அழிந்துபோனால்? விரல் வேர்த்துக் கண்ணாடியில் வழுக்கினால்? மேடு பள்ளம் இருந்தாலாவது கட்டையைத் தடவிக் கண்டுபிடிப்பேன். நீ எப்படித்தான் பார்க்காமல் வாசித்தாய்?

நேற்று அவளிடம் சொல்லியேவிட்டேன். "எனக்குப் பயமா இருக்குடி. அந்தக் கீபோர்டுக்காரரையே வரச் சொல்லிடலாம்."

"வேணாம் அத்தை. நான் அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நிப்பேன். அப்பா சத்தம் கேட்டாத்தான் உள்ள கால் வைப்பேன். நீங்க தப்பா வாசிச்சாலும் பரவால்ல."

சொல்லிவிட்டு, ரவிக்கை தைத்தாயிற்றா என்று கேட்க டெய்லர் கடைக்குப் போய்விட்டாள். நான்தான் உட்கார்ந்து அழுதேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். உன் அடக்கப் பூசையன்று இதே போனை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். தப்பாகிவிடும் என்று பயந்து, முடியாது என்று மூலையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இத்தனை பேருக்கு வாசித்தவனை, வாத்தியமே இல்லாமல் கொண்டுபோய் வைத்தோம். அதற்கு உன்னிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னித்துவிடுடா.

சனிக்கிழமை காலை பயம் இருக்கத்தான் செய்யும். இருந்துவிட்டுப் போகட்டும். தப்போ சரியோ, முதல் கட்டையை அழுத்திவிடுவேன். உன் மகளை வாசலில் நிற்க வைக்கமாட்டேன்.

ஜெனிட்டாவின் அத்தை,
உன் அக்கா
பிலோமினா