கறிவேப்பிலைச் செடியில் ஏழு புழுக்கள்

புரட்டாசி 4, ஞாயிறு

பட்டாம்பூச்சி முட்டையிடட்டும் என்றுதான் கறிவேப்பிலையை ஒரு கொத்துகூடக் கிள்ளாமல் வைத்திருந்தேன். குழம்புக்குக் கடையில் வாங்கினேன். நேற்றுவரை ஏழு பச்சைப் புழுக்கள் இருந்தன. இன்று காலையில் ஒன்றுகூட இல்லை. இலையெல்லாம் பனியன் கம்பெனி வாடை.

"கம்பெனில கறை எடுக்கற ஸ்ப்ரேதான் அடிச்சேன் புள்ள. ஒரு புழு மிஞ்சல பாரு" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

"அந்தப் புழுதானுங்க பட்டாம்பூச்சி ஆகும்."

"ரெக்கையே காணோமே!" என்று சிரித்தார்.

துணியோ செடியோ, அவர் கண்ணுக்கு எல்லாம் கறை.

மத்தியானம் ஒரு கருப்புப் பட்டாம்பூச்சி முட்டையிட வந்தது. இத்தனை நாள் அதற்காகத்தான் காத்திருந்தேன். துண்டை வீசி விரட்டினேன். மறுபடியும் அதே செடிக்கு வந்தது. வெயில் தாழும்வரை அங்கேயே நின்று விரட்டிக்கொண்டிருந்தேன்.