எப்போதும் முன்னால் நடந்தவருக்கு

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

நேற்று உங்கள் தம்பி பாபு நடைப்பயிற்சி ஆரம்பித்துவிட்டான். நம் கல்யாணத்தில் அரை டிராயரோடு ஓடிக்கொண்டிருந்தவனுக்கு நாற்பது வயது. உங்கள் அப்பா போனதும் நெஞ்சுவலியில், நீங்கள் போனதும் நெஞ்சுவலியில். அவனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

வேலூர் டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "தாராளமா நடங்க, ஆனா மெதுவா ஆரம்பிங்க" என்றார். கணக்கும் சொன்னார். இருநூற்று இருபதில் வயதைக் கழித்தால் அவனுக்கு நூற்று எண்பது. ஒரு நிமிடத்தில் இதயம் துடிக்கக்கூடிய உச்சம் ஏறக்குறைய அதுதான். புதிதாக நடப்பவர்கள் முதல் சில வாரம் அதில் பாதிக்கும் அறுபது சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் போதுமாம். அவனுக்குத் தொண்ணூறிலிருந்து நூற்றெட்டு. உடம்பு பழகிய பிறகு அடுத்த படிக்குப் போகலாம். இதயத் துடிப்பைக் காட்டும் வாட்ச் இல்லாதவர்கள், நடந்துகொண்டே மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி.

உங்களுக்கும் இதே டாக்டரம்மாதானே? இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தக் கழித்தல் கணக்கு ஆகாது என்று தனியாக ஓர் எல்லை சொல்லி அனுப்பினார். அதற்குள் நின்றால் நீங்கள் என்னைவிட மெதுவாகத்தான் நடக்க முடியும். நம் ஊரில் எந்த ஆம்பளை பொண்டாட்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறான்? கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் நீங்கள் முன்னால், நான் பின்னால். பாலாற்றுப் பாலத்தில் ஷூ கம்பெனி ஆட்கள் தலை தெரிந்தால் போதும், வேகம் பிடிப்பீர்கள். எல்லை தாண்டிவிட்டதென்று கையில் வாட்ச் கத்தும். "மெதுவாங்க" என்று பின்னாலிருந்து கெஞ்சுவேன். "சும்மா வா, பாக்கறாங்க இல்ல" என்பீர்கள்.

அப்படி ஒரு காலையில்தான் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அந்த வேகத்தால்தான் போனீர்களா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றிருந்தால் உங்கள்மேல் கோபமாவது பட்டிருப்பேன். இப்போது யார்மேல் படுவது?

நேற்றும் அதே பாலம்தான். பாபுவின் மனைவி தேவி தினமும் கம்பெனிக்கு நடந்தே போகிறவள். அவளுக்குச் சாதாரணமாக இருந்த நடையில் அவன் வாட்ச் நூற்றெட்டைத் தாண்டியது. "நீ பின்னாடியே வா" என்றேன். கொஞ்ச தூரம் வந்தான். எதிரே ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்ததும் விறுவிறுவென்று எங்களைத் தாண்டிப் போனான். தோளை ஆட்டி நடக்கிற விதம் அச்சு அசல் நீங்கள்தான். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னா அண்ணி, பொண்டாட்டி பின்னாடி போனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்டா. உங்க அண்ணனப் பாத்து ஒருத்தர்கூட சிரிக்கல."

அவன் நடையைக் குறைத்தான். தேவியை முன்னால் விட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவே அவள் பின்னாலேயே வந்தான். நான் இரண்டு பேருக்கும் பின்னால், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

நாளைக்கும் போவோம். அவன் தேவிக்குப் பின்னால்தான் நடப்பான், அதற்கு நான் பொறுப்பு. உங்களைக் கெஞ்சினேன். அவனைக் கெஞ்ச மாட்டேன்.

உங்கள் தம்பிக்கு அண்ணியாக இந்த வீட்டிலேயே இருக்கும்,
உங்கள் சரோஜா
ஆம்பூர்